கடலுக்கு 300 கசையடி கொடுத்த மன்னனைத் தெரியுமா?

கடலை அடித்துப் பணிய வைக்க முடியுமா? ஒரு பேரரசர் முயன்று பார்த்தார்! கி.மு. 480 வாக்கில் பாரசீக மன்னர் செர்க்சஸ் கிரேக்கத்தின்மீது படையெடுத்துக் கிளம்பினார். வழியில் ஹெலஸ்பான்ட் நீரிணை குறுக்கிட்டது. இன்றைய துருக்கியில் டார்டனெல்ஸ் என்று அழைக்கப்படும் இடம். அதன் குறுக்கே பாலம் போட்டார்கள். புயல் வந்தது, பாலம் சிதறியது! மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. கடலுக்கு 300 கசையடி கொடுக்கச் சொன்னார்! ஒரு ஜோடி விலங்கையும் தண்ணீருக்குள் வீசச் சொன்னார்! பாலம் கட்டியவர்களின் தலைகள் உருண்டன. இதை எழுதி வைத்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

அடுத்து நடந்தது தெரியுமா? புதிய ஆட்கள் வந்தார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு வரிசையில் 360 கப்பல், மறு வரிசையில் 314 கப்பல் என்று நங்கூரம் பாய்ச்சி நிறுத்தி, மேலே பலகை விரித்தார்கள். ஏழு பகல், ஏழு இரவு படை கடந்துபோனது! கசையடிக்கு மசியாத கடல், நீரோட்டம் அறிந்தவர்களுக்கு வழிவிட்டது!

இயற்கையை மனிதன் ஆள முடியுமா? முடிந்தாலும் ஆளலாமா? 2,500 ஆண்டுகளாகத் தத்துவ ஞானிகளும் விஞ்ஞானிகளும் இதற்காக மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வாதத்துக்குள் புதைந்து கிடக்கும் அதிசயங்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

ஏற்றம் வேண்டாம் என்ற கிழவர்!

இயந்திரம் மனிதனைக் கெடுத்துவிடும் என்ற கவலை எப்போது பிறந்தது? கம்ப்யூட்டர் வந்த பிறகா? நீராவி இயந்திரம் வந்த பிறகா? இல்லவே இல்லை! கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சீனாவில் பிறந்துவிட்டது!

சுவாங் சூ என்ற சீன ஞானியின் பெயரால் வழங்கும் நூலில் ஒரு கதை. கன்பூசியஸின் சீடர் சிகோங் வழியில் ஒரு கிழவரைப் பார்க்கிறார். கிழவர் குடத்தோடு கிணற்றுக்குள் இறங்குகிறார், மொண்டுகொண்டு ஏறி வருகிறார், பாத்தியில் ஊற்றுகிறார், மறுபடி இறங்குகிறார். "ஐயா, ஒரு கருவி இருக்கிறதே! பின்பக்கம் கனம், முன்பக்கம் லேசு. ஒரே நாளில் நூறு பாத்திக்கு இறைக்கலாமே!" என்கிறார் சீடர். அது என்ன கருவி தெரிகிறதா? நம் ஊர்க் கிணறுகளில் மோட்டார் வருவதற்கு முன்பு பாட்டுப் பாடி இறைத்தார்களே, அதே ஏற்றம்தான்!

கிழவர் என்ன சொன்னார் தெரியுமா? "தெரியாமல் இல்லை தம்பி, வெட்கப்பட்டுத்தான் வைத்துக்கொள்ளவில்லை" என்றார்! இயந்திரம் வந்தால் இயந்திர வேலை வரும், இயந்திர வேலை வந்தால் இயந்திர மனம் வந்துவிடும் என்பது அவர் வாதம். எளிமையான ஒரு மரக் கழிக்கே இந்தப் பேச்சு!

இன்னும் வியப்பு இருக்கிறது. இந்தக் கதையை 20ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டியவர் யார் தெரியுமா? குவாண்டம் இயற்பியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 1932ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற வெர்னர் ஹைசன்பர்க்! இயற்பியல் நம் இயற்கைப் பார்வையை எப்படி மாற்றியது என்று விளக்கும்போது, ஓர் இயற்பியல் மேதைக்கு அந்தக் கிணற்றடிக் கிழவர்தான் நினைவுக்கு வந்தார்!

ஒரே நூலில் இரண்டு குரல்கள்!

சரி, நம் சங்கப் புலவர்கள் இந்த வாதத்தில் எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும்!

புறநானூற்றின் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே வேலை வாங்கிக் கடலில் கப்பல் ஓட்டினான் என்று அவர் பெருமையோடு சொல்கிறார். இயற்கையை ஆண்ட பெருமிதம்! (கரிகாலனைவிட அவனிடம் தோற்ற சேரனே நல்லவன் என்று அதே பாட்டில் மன்னன் முகத்துக்கு நேராகச் சொன்ன துணிச்சல்காரர் இவர்!)

அதே புறநானூற்றின் 192ஆம் பாட்டுக்கு வாருங்கள். கணியன் பூங்குன்றனார் என்ன சொல்கிறார்? பாறையில் மோதி இரையும் பேராற்றில் மிதக்கும் தெப்பம் நீரின் வழியே போவதுபோல, உயிரும் முறைவழியே போகும் என்கிறார். ஒருவர் காற்றைப் பிடித்து ஏவுகிறார், இன்னொருவர் ஆற்றின் போக்கில் போகிறார். இரண்டு பாட்டையும் ஒரே தொகுப்பில் சேர்த்துவைத்த பெரியவர்களை என்னவென்று பாராட்டுவது!

எழுத்தே ஆபத்தான தொழில்நுட்பமா?

சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, தெரியுமா? பிளேட்டோவின் 'பீட்ரஸ்' உரையாடலில் அவர் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த தெய்வம் அதை அரசனிடம் கொண்டுவருகிறது. அரசனுக்கு மகிழ்ச்சியா? இல்லை! இது மக்களின் நினைவாற்றலைக் கெடுத்துவிடும் என்கிறான்! இன்று செல்போனைப் பற்றிச் சொல்லும் அதே குற்றச்சாட்டு, அன்று எழுத்தின் மீது! அந்தக் குற்றச்சாட்டு நம் கைக்கு வந்ததே பிளேட்டோ அதை எழுதி வைத்ததால்தான்!

பனியில் கோழி, கற்பனையில் நீர்மூழ்கி!

அறிவே ஆற்றல் என்ற எண்ணத்தோடு உலகம் சேர்த்துச் சொல்லும் பெயர் பிரான்சிஸ் பேக்கன். இங்கிலாந்தின் சான்சலர் பதவிவரை உயர்ந்தவர். 1621இல் லஞ்சக் குற்றச்சாட்டில் பதவி இழந்தார். பதவி போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார்!

அவர் இறந்து அடுத்த ஆண்டு, 1627இல் 'நியூ அட்லாண்டிஸ்' என்ற கதை வெளிவந்தது. அதில் ஒரு தீவு. தீவில் சாலமன் மாளிகை என்றொரு ஆராய்ச்சிக் கூடம். அங்கே என்னென்ன இருக்கின்றன தெரியுமா? செயற்கை மழை! செயற்கைப் பனி! தண்ணீருக்கு அடியில் போகும் கப்பல்! காற்றில் பறக்கும் வித்தை! குரலைக் குழாய் வழியே தூரத்துக்கு அனுப்பும் அறை! பருவத்துக்கு முன்பே காய்க்கும் மரங்கள்! விலங்குகளைப் பெரிதாகவும் குட்டையாகவும் மாற்றும் கலை! எப்போது எழுதியது? ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பு!

அதையெல்லாம்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. அந்த மாளிகையின் அறிஞர்கள் கூடிப் பேசி, எந்தக் கண்டுபிடிப்பை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று தீர்மானிப்பார்கள். சிலவற்றை அரசாங்கத்திடம்கூடச் சொல்ல மாட்டார்கள்! அணுகுண்டுக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வி அவர் மனத்தில் எழுந்திருக்கிறது!

பேக்கன் என்றாலே இயற்கையை அடக்கச் சொன்னவர் என்பார்கள். பாதிதான் சரி! 1620இல் வெளிவந்த அவருடைய 'நோவம் ஆர்கனம்' என்ற நூலைத் திறந்தால், இயற்கைக்குக் கீழ்ப்படிபவனால்தான் அதை ஏவ முடியும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். இந்தப் பாதியை மட்டும் உலகம் ஏன் மறந்தது?

அவர் எப்படி இறந்தார் என்று சொல்கிறார்கள் தெரியுமா? கோழியின் வயிற்றில் பனியைத் திணித்தால் இறைச்சி கெடாமல் இருக்குமா என்று சோதித்துப் பார்த்தாராம். குளிர் தாக்கி, 1626 ஏப்ரலில் உயிர் போனதாம்! இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் அந்தச் சோதனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது!

அதிகாலை ஐந்து மணிப் பாடம்!

இயற்கைக்கு எஜமானர்களாகவும் உடைமையாளர்களாகவும் மனிதர்கள் ஆகலாம் என்று 1637இல் எழுதியவர் ரெனே டெகார்ட். அறிவியல் வளர்ந்தால் நோய்களையும் முதுமைத் தளர்ச்சியையும் வெல்லலாம் என்று நம்பினார். முற்பகல்வரை படுக்கையில் கிடந்தே சிந்திப்பது அவர் வழக்கம். சுவீடன் ராணி கிறிஸ்டினா அழைத்தார், போனார். ராணி பாடம் கேட்க விரும்பிய நேரம் எது தெரியுமா? அதிகாலை 5 மணி! ஸ்டாக்ஹோம் குளிரில், 1650 பிப்ரவரியில் காலமானார். வயது 53!

மணலில் நிற்கும் கல்!

அடி தெரியாத ஆற்று மணலில் அணை நிற்குமா? கல்லணை நிற்கிறதே! கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அணையின் நீளம் சுமார் 329 மீட்டர். காவிரியை மறித்துத் தேக்குவது இதன் வேலை இல்லை. வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகவேண்டும், பாசன நீர் டெல்டாவுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்! 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைத் துருவித் துருவிப் படித்தார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்தப் பழைய அணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தோடு முக்கொம்பில் மேலணை கட்டினார், பிறகு கோதாவரிக்குப் போனார்!

எரிமலை எழுத வைத்த நாவல்!

அறிவியல் எல்லை மீறினால் என்ன ஆகும் என்றதும் நினைவுக்கு வருவது 'ஃபிராங்கன்ஸ்டைன்'. மேரி ஷெல்லி அதை எழுதத் தொடங்கியபோது வயது என்ன தெரியுமா? 18! ஏன் எழுதினார்? 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசுப்படலம் சூரியனை மறைத்தது. 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை! ஜெனீவா ஏரிக்கரையில் விடாத மழை. மேரியும் நண்பர்களும் வீட்டுக்குள் முடங்கினார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். இயற்கையை வெல்லத் துணிந்த விஞ்ஞானியின் கதையை, பூமியின் மறுகோடியில் வெடித்த மலை எழுத வைத்தது!

கதையிலிருந்து நிஜ இயந்திரத்துக்கு வருவோம்! தொழிற்புரட்சியின் முதன்மை இயந்திரம் எது? நீராவி இயந்திரம் என்பீர்கள். இல்லை, கடிகாரம் என்றார் அமெரிக்கச் சிந்தனையாளர் லூயிஸ் மம்ஃபோர்டு! ஆண்டு 1934. நேரம் தவறாமல் பிரார்த்தனை செய்ய நினைத்த மடாலயத் துறவிகளிடமிருந்து தொடங்குகிறது அவர் காட்டும் கதை. காலத்தையே வெட்டி அளந்த பிறகுதான் ஆலைச் சங்கு ஊத முடிந்தது!

இடது கையால் எழுதிய காந்தி!

1909 நவம்பர். லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் கில்டோனன் காஸில் கப்பல். அதில் ஒருவர் கப்பல் நிறுவனத்தின் தாளிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி எழுதி வலது கை வலிக்கிறது. நிறுத்தினாரா? இடது கைக்கு மாற்றிக்கொண்டார்! சுமார் 40 பக்கங்கள் இடது கையால்! பத்தே நாளில் நூல் முடிந்தது. அதுதான் 'இந்திய சுயராஜ்யம்'!

ரயில், வக்கீல், டாக்டர் என்று நவீன நாகரிகத்தின் தூண்கள் எல்லாவற்றையும் அதில் உலுக்கினார். 1910இல் அரசு அதைத் தடை செய்தது!

அப்படியென்றால் காந்தி இயந்திர எதிரியா? இங்கேதான் ஆச்சரியம்! 1924இல் ஓர் இளைஞர் இதையே கேட்டார். என் உடம்பே ஒரு நுட்பமான இயந்திரம், ராட்டையும் இயந்திரம்தான், நான் எப்படி இயந்திரத்தை எதிர்க்க முடியும் என்ற பொருளில் பதில் சொன்னார் காந்தி. சிங்கர் தையல் இயந்திரத்தை மனதாரப் புகழ்ந்தார்! காரணம் தெரியுமா? மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல், அன்பினால் கண்டுபிடித்தார் சிங்கர் என்றார். எது இயந்திரம் என்று அவர் பார்க்கவில்லை, எதற்காக என்று பார்த்தார். இந்த வாதம் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான அளவுகோல் எனக்குத் தென்படவில்லை!

இன்னொன்று! மேம்பட்ட ராட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால் ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது. அன்றைய ஒரு லட்சம்! பரிசை யாராலும் வெல்ல முடியவில்லை! பிறகு புகழ்பெற்ற அம்பர் ராட்டையை உருவாக்கியவர் யார்? தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன்!

தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவைத் தெரியுமா? 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய தன் நூலை அவர் எழுதியது ஜபல்பூர் சிறையில்! 1945இல் காந்தி முன்னுரை கொடுத்தார். இயற்கையைப் பார்த்தே பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். தேனீக்கள் கூட்டாக உழைப்பது ஒரு படி, தாய்ப் பறவை எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுவது உச்சப் படி! பொருளாதார நூலில் தாய்ப் பறவையை உட்கார வைத்தவர் அவர்! காந்தி மறைந்த அதே ஜனவரி 30ஆம் தேதியில், 1960இல் குமரப்பாவும் மறைந்தார்!

உங்கள் உடம்புக்குள் ஒரு தொழிற்சாலை!

உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி ஆலையிலிருந்து வந்திருக்கலாம், தெரியுமா? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் பயிரால் அதை அப்படியே உறிஞ்ச முடியாது. 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், கடும் வெப்பத்திலும் சுமார் 200 மடங்கு காற்றழுத்தத்திலும் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார். உரம் குவிந்தது. இன்றைய உலக மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குச் சோறு போடுவது இந்த ஒரு வேதிவினைதான்!

அதே ஹேபர் இன்னொன்றும் செய்தார். 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தின் இப்ரே போர்முனை. குளோரின் விஷவாயுவை எதிரிகள்மீது திறந்துவிட்ட தாக்குதலை முன்னின்று நடத்தியவர் அவர்தான்! பத்து நாளில், மே 2ஆம் தேதி, அவருடைய மனைவி கிளாரா தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். கிளாராவும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்கு! 1933இல் யூதர் என்பதால் அவரே நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. ஊட்டிய கையும் கொன்ற கையும் ஒன்றே. இவரை எந்தத் தராசில் நிறுப்பது?

ஒரே மனிதர், இரண்டு விஷங்கள்!

தாமஸ் மிட்ஜ்லி! அமெரிக்கர். 1921இல் பெட்ரோலில் ஈயம் கலந்தார், எஞ்சின் இடிக்காமல் ஓடியது! பிறகு ஃபிரிட்ஜுக்காக ஃபிரியான் வாயுவைத் தந்தார். ஆபத்தே இல்லை என்று காட்ட, 1930இல் அறிஞர்கள் முன்னிலையில் அந்த வாயுவை உள்ளே இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்தார்! அரங்கமே வியந்தது. ஆனால் நடந்தது என்ன? ஈயம் உலகெங்கும் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. ஃபிரியான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரித்தன! போலியோவால் கால்கள் செயலிழந்த மிட்ஜ்லி, படுக்கையிலிருந்து எழத் தானே கயிறும் கப்பியும் கொண்டு ஒரு கருவி செய்தார். 1944இல் அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி உயிரைப் பறித்தது!

ஈயப் பெட்ரோல் உலகத்துச் சாலை வாகனங்களைவிட்டு எப்போது முழுதாகப் போனது தெரியுமா? 2021இல்! கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. சரியாக நூறு ஆண்டு!

காற்றில் ஃபிரியான் வகை வாயுவின் துளியூண்டு தடயத்தைக் கண்டுபிடித்த கருவி யாருடையது? ஜேம்ஸ் லவ்லாக்! பூமி முழுவதும் ஓர் உயிர்போலத் தன்னைத்தானே சீராக்கிக்கொள்கிறது என்ற கையா கருதுகோளைத் தந்தவர். கையா என்ற கிரேக்க பூமித்தாயின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய கிராமத்து நண்பர், பின்னாளில் நோபல் வாங்கிய நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங்! லவ்லாக் 2022இல் காலமானார். தன் 103ஆவது பிறந்தநாளிலேயே!

சிட்டுக்குருவிகள் மீது போர்!

ஒரு நாடே சேர்ந்து சிட்டுக்குருவிகளோடு போரிட்டது தெரியுமா? 1958, சீனா. குருவிகள் தானியம் தின்கின்றன, ஒழியுங்கள் என்றது அரசு. மக்கள் தெருவில் இறங்கினார்கள். தட்டு, முரசு, தகர டப்பா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடித்து ஓசை எழுப்பினார்கள். உட்கார இடம் கிடைக்காமல் பறந்து பறந்து, களைத்து, செத்து விழுந்தன குருவிகள்! பிறகு? குருவி தின்ற பூச்சிகள் பெருகின! வயல்கள் அழிந்தன! அடுத்து வந்த கொடும் பஞ்சத்தின் பல காரணங்களில் இதுவும் ஒன்று. 1960இல் ஒழிக்கவேண்டிய உயிர்களின் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்!

இலங்கையின் கதை இன்னும் சிக்கலானது. 1940களில் அங்கே ஆண்டுக்கு லட்சக்கணக்கானோருக்கு மலேரியா. டி.டி.டி. தெளித்தார்கள். 1963இல் எத்தனை பேருக்கு நோய் தெரியுமா? வெறும் 17 பேர்! வெற்றி என்று நினைத்துத் தெளிப்பை நிறுத்தினார்கள். 1968-69இல் பல லட்சம் பேரைப் பிடித்தது காய்ச்சல்! அதன் பிறகும் பல பத்தாண்டுகள் விடாமல் கண்காணித்து, ஊர் ஊராகத் தேடித் தேடி மருந்து கொடுத்து, 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது இலங்கை!

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லி ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல். அதே மருந்தை வயலெங்கும் கொட்டுவதால் பறவைகள் மடிகின்றன என்று 1962இல் 'மௌன வசந்தம்' எழுதினார் ரேச்சல் கார்சன். இயற்கையைக் கட்டுப்படுத்துவது என்ற பேச்சே மனித ஆணவத்தில் பிறந்தது என்று நூலின் முடிவில் சாடினார். அதை எழுதியபோது அவர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். ஆலைக்காரர்கள் அவரைத் தூற்றியபோதும் அந்த நோயை அவர் வெளியே சொல்லவே இல்லை!

மூச்சு வாங்காமல் இன்னும் சில!

மத்தியதரைக் கடலை வற்ற வைக்க ஒருவர் திட்டம் போட்டார், தெரியுமா? ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஹெர்மன் சோர்கல்! ஜிப்ரால்டரில் அணை கட்டி, கடல்மட்டத்தை 100 முதல் 200 மீட்டர்வரை இறக்கி, புது நிலம் எடுக்க வேண்டுமாம்! 1952இல் சாகும்வரை இதற்காகவே உழைத்தார்!

அணுகுண்டால் பள்ளம் தோண்டலாமா? 1962இல் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கா தோண்டியது! ஒரே வெடி. ஆழம் சுமார் 100 மீட்டர், குறுக்களவு சுமார் 390 மீட்டர், கிளம்பிய மண் 1.2 கோடி டன்!

மழையை ஆயுதமாக்கியதுண்டா? உண்டு! 1967 முதல் 1972வரை வியட்நாம் போரில் எதிரியின் பாதைகளைச் சேறாக்க, அமெரிக்க விமானங்கள் ரகசியமாக மேகத்தில் வேதிப்பொருள் தூவின! பருவமழையை நீட்டிப்பதுதான் நோக்கம்! வானிலையைப் போர்க்கருவியாக்கத் தடைவிதிக்கும் ஒப்பந்தம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. சில்வர் அயோடைடைத் தூவி மழை வரவழைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் பெர்னார்ட் வானகட். அவருடைய தம்பி கர்ட் வானகட், உலகத்துத் தண்ணீரையெல்லாம் உறைய வைக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்து 1963இல் நாவலே எழுதினார்!

பெரியம்மை பூமியிலிருந்து ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கிருமி இன்னும் இரண்டே இடங்களில் உறைநிலையில் இருக்கிறது! ஒன்று அமெரிக்காவில், ஒன்று ரஷ்யாவில். அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்கு வைத்திருக்கலாமா? பல பத்தாண்டுகளாக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

எரிமலைக் குழம்பை நிறுத்திய ஊர்!

மனிதன் எப்போதுமே தோற்றானா? இல்லை! 1973 ஜனவரி 23, ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவு. நள்ளிரவு தாண்டி, ஊரின் ஓரத்தில் தரை பிளந்து நெருப்பு பீறிட்டது! சுமார் 5,300 பேர். மீன்பிடிப் படகுகள் அன்று கரையில் நின்றிருந்தன. அந்த இரவிலேயே மக்களைத் தீவைவிட்டு அழைத்துச் சென்றார்கள்! பிறகு எரிமலைக் குழம்பு துறைமுகத்தை நோக்கி நகர்ந்தது. துறைமுகம் மூடினால் ஊருக்குப் பிழைப்பே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கடல்நீரை இறைத்துக் குழம்பின்மேல் பீய்ச்சினார்கள்! மாதக்கணக்கில்! சுமார் 60 லட்சம் டன் தண்ணீர்! குழம்பின் விளிம்பு குளிர்ந்து, இறுகி, தானே சுவராகிப் பின்னால் வந்ததைத் தடுத்தது!

துறைமுகம் பிழைத்தது. அதுமட்டுமா? உறைந்த குழம்பு புது அலைத்தடுப்பாக நின்று, துறைமுகத்துக்கு முன்பைவிட நல்ல பாதுகாப்பு கொடுத்தது! தீவே 2 சதுர கிலோமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது! பிறகு அந்தச் சூட்டில் வீடுகளுக்கு வெந்நீர் எடுத்தார்கள்!

பூமியையே அசைத்துவிட்டோம்!

இந்த எண்களைக் கேளுங்கள்! மனிதன் செய்த கான்கிரீட், செங்கல், தார், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றின் எடை, பூமியின் உயிர்கள் அனைத்தின் உலர் எடையை எட்டிவிட்டது! 2020இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது. சுமார் 1.1 லட்சம் கோடி டன்! 1900இல் அது உயிர்களின் எடையில் வெறும் 3 விழுக்காடு!

பூமியில் உள்ள பாலூட்டிகளை எல்லாம் நிறுத்தால் ஆடு, மாடு, பன்றி முதலிய கால்நடைகள் சுமார் 60 விழுக்காடு, மனிதர்கள் 36. காட்டு விலங்குகள்? யானை, புலி, திமிங்கிலம் எல்லாம் சேர்ந்தே 4 விழுக்காடு!

நாம் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சிய நிலத்தடி நீரால் பூமியின் சுழல் துருவமே நகர்ந்திருக்கிறது, தெரியுமா? 1993 முதல் 2010வரை சுமார் 80 சென்டிமீட்டர்! வடமேற்கு இந்தியாவில் இறைத்த நீருக்கும் இதில் பெரும் பங்கு! இத்தனை பெரிய கைவரிசையை எந்தப் பேரரசரும் காட்டியதில்லை!

பாறையில் சங்கிலியிட்டுக்கொண்ட தத்துவப் பேராசிரியர்!

ரைன் நதியில் மின்நிலையம் கட்டியபிறகு நதி நதியாகவா இருக்கிறது? மின்நிலையத்துக்கான சரக்காக அல்லவா ஆகிவிட்டது? 1950களில் இப்படிக் கேட்டார் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர். நாஜிக் கட்சியில் சேர்ந்த களங்கம் அவர் பெயரில் என்றும் இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்வி இன்றும் ஒவ்வோர் அணையின் மேலும் நிற்கிறது!

நார்வேயின் ஆர்னே நெஸ் கேள்வியோடு நிற்கவில்லை! 27 வயதில் பேராசிரியர், மலையேறும் வீரர். காந்தியையும் ஸ்பினோசாவையும் கரைத்துக் குடித்தவர். 1970இல் மார்டோலா அருவியை மின்திட்டத்துக்காக மறிக்கப்போகிறார்கள் என்றதும், போராட்டக்காரர்களோடு சேர்ந்து தன்னைப் பாறையோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்! போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. மின்திட்டம் வந்தேவிட்டது. ஆனால் 1973இல் அவர் முன்வைத்த ஆழ்சூழலியல் உலகமெங்கும் போனது! ஒவ்வோர் உயிருக்கும் மனிதனின் பயன் கருதாத தன் சொந்த மதிப்பு உண்டு என்பது அதன் மையம்.

ஆறு வழக்குப் போட முடியுமா? முடியும்! நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றுக்கு 2017இல் சட்டப்படி நபர் என்ற தகுதி கிடைத்தது! அதன் சார்பில் பேச இரண்டு பேர். ஒருவர் அரசின் சார்பில், ஒருவர் மாவோரி மக்களின் சார்பில். ஆற்றைத் தங்கள் மூதாதையாகக் கருதும் அந்த மக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடிப் பெற்றது! எக்வடார் 2008லேயே இயற்கையின் உரிமைகளை அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டது!

மதுரையைப் பற்றித் தெரியுமா? 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னையை உயிருள்ள சட்ட நபராக அறிவித்தது! தேனி மாவட்டத்தின் மேகமலை வன நிலத்துக்கு அதிகாரி ஒருவர் பட்டா கொடுத்த விவகாரத்தில் வந்த தீர்ப்பு அது!

சூரியனை மங்கலாக்கலாமா?

கடைசியாக ஒன்று! பால் குருட்சன் என்ற வேதியியலாளர். ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல். மனிதன் பூமியை மாற்றிவிட்டதால் இந்தக் காலத்துக்கே மனிதயுகம் என்று பெயர் வைக்கவேண்டும் என்று 2000இல் முழங்கியவர். இயற்கையில் கை வைத்தால் என்ன ஆகும் என்று இவரைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்டவர் 2006இல் எழுதிய கட்டுரை விஞ்ஞானிகளை உலுக்கியது! புவி வெப்பத்தைத் தணிக்க, வானத்தின் மேலடுக்கில் கந்தகத் துகள்களைத் தூவிச் சூரிய ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பலாமா என்று ஆராயச் சொன்னார்! 1991இல் பிலிப்பைன்ஸில் பினட்டூபோ எரிமலை வெடித்தபோது உலகம் தற்காலிகமாகச் சுமார் அரை டிகிரி குளிர்ந்ததே, அதையே மனிதன் செய்தால் என்ன? கார்பனைக் குறைக்கும் முயற்சிகள் தோற்கின்றனவே என்ற தவிப்பில் எழுதியது அது!

பிறகு ஹார்வர்டு விஞ்ஞானிகள் ஒரு பலூன் சோதனைக்குத் திட்டமிட்டார்கள். முதலில் கருவிகளை மட்டும் பறக்கவிட்டுப் பார்க்கும் ஒத்திகை. இடம் சுவீடனின் வடகோடியில் கிரூனா. 2021இல் அது நின்றுபோனது! நிறுத்தச் சொன்னவர்களில் முன்னே நின்றவர்கள் யார் தெரியுமா? பனிமான் மேய்க்கும் சாமி பழங்குடி மக்கள்! எங்கள் வானத்தில் செய்யப்போவதை எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்றார்கள், இயற்கையைப் பற்றிய எங்கள் பார்வைக்கே இது எதிரானது என்றார்கள்! 2024 மார்ச்சில் ஹார்வர்டு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது!